விஏ வேலை பாக்குறவங்க இன்வாய்ஸ், பேமென்ட் கணக்கெல்லாம் எப்படி வச்சிருக்கீங்க?

ஈரோட்டு_மஞ்சள்:
வணக்கங்க எல்லாருக்கும். வீட்ல இருந்தே வர்ச்சுவல் அசிஸ்டன்ட் வேலை பாத்துட்டு இருக்கறனுங்க. அமெரிக்காவுல ரெண்டு க்ளையன்ட், ஆஸ்திரேலியால ஒருத்தங்க, இப்ப புதுசா சென்னைல ஒரு கம்பெனி. மெயில் பாக்கறது, காலண்டர், கஸ்டமருக்கு ரிப்ளை போடறது, பாட்காஸ்ட் ஏத்தறது எல்லாந்தான். வேலைல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க, காசு கணக்குலதான் மண்டை காயுது. வேர்டுல ஒரு இன்வாய்ஸ் அடிச்சு பிடிஎஃப் ஆக்கி அனுப்பறேன், ஒருத்தரு பேபால்ல போடறாரு, ஒருத்தரு பேங்க்குக்கு வயர் பண்றாரு, நான் போட்டது ஒரு தொகை, வந்து விழறது வேற தொகை. எந்த இன்வாய்ஸுக்கு எது வந்துச்சுன்னு மாசக் கடைசில உக்காந்து தேட வேண்டியதா இருக்குது. சென்னைக்காரங்க பத்து பர்சன்ட் புடிச்சுட்டு மீதிய அனுப்பிருக்காங்க. அமெரிக்காக்காரர் ஒருத்தரு டபிள்யூ-9னு ஒரு வரி ஃபார்ம் குடுங்கறாரு. நீங்கெல்லாம் என்ன பண்றீங்க, சாஃப்ட்வேர் ஏதாச்சும் வாங்கோணுமா, ஷீட்டே போதுங்களா?

வடபழனி_வாசி:
டபிள்யூ-9 குடுத்துடாதீங்க சிஸ், அது அமெரிக்கா ஆளுங்களுக்கு. நமக்கு டபிள்யூ-8பென். மத்தத பெரியவங்க வந்து சொல்லுவாங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:
சாஃப்ட்வேர அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஒண்ணு, ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு தொகை கிடையாது, மூணு தொகை இருக்கு. நீங்க கேட்ட டாலர், உங்களுக்குன்னு வந்து சேர்ந்த டாலர், பேங்க்ல விழுந்த ரூபா. பாதி பேரு முதலாவதையும் கடைசியையும் மட்டும் எழுதி வச்சுட்டு நடுவுல இருக்கறத விட்டுடறாங்க, அதனாலதான் காசு எங்க போச்சுன்னே தெரிய மாட்டேங்குது.

உதாரணத்துக்கு 450 டாலர் இன்வாய்ஸ்னு வைங்க. அன்னிக்கு மார்க்கெட் ரேட் 85, நம்ம மனசுக்குள்ள 38,250 ரூபான்னு கணக்கு போட்டாச்சு. க்ளையன்ட் வயர் பண்றாரு, வழில பணத்த கை மாத்தி விடற ஒரு கரஸ்பாண்டன்ட் பேங்க் 20 டாலர எடுத்துக்குது, வந்தது 430. நம்ம பேங்க் அத 85க்கா மாத்தும், 84க்கு மாத்தும், ஆச்சு 36,120. கரன்சி மாத்துனதுக்கு ஜிஎஸ்டி ஒரு 65 ரூபா. கைக்கு வந்தது 36,055. மொத்தத்துல 2,195 ரூபா குறையுது ஆனா யாரும் யாரையும் ஏமாத்தல, 1,700 வயர்ல போச்சு, 430 ரேட்ல போச்சு, 65 வரி. பேங்க் இன்வர்ட் சார்ஜ்னு தனியா எடுத்தா அது வேற.

இதுல க்ளையன்ட்ட கேக்கற மாதிரி இருக்கறது அந்த 20 டாலர் மட்டும்தான். வயர் அனுப்பும்போதே சார்ஜ் யாரு கட்டறதுன்னு ஆப்ஷன் வரும், ஓயுஆர்னு போட்டா அனுப்பறவர் கட்டுவாரு, எஸ்எச்ஏன்னா ஆளுக்குக் கொஞ்சம், பிஇஎன்னு போட்டா மொத்தமும் நம்ம தலைல. இன்வாய்ஸ் அடியிலயே ஒரு வரி போட்டுருங்க, ட்ரான்ஸ்ஃபர் சார்ஜ் அனுப்பறவரோடது, முழு 450 வந்து சேரணும்னு. சொல்லாம விட்டா எஸ்எச்ஏல தான் வரும், அவரு மேல தப்பு சொல்ல முடியாது.

அப்புறம் ஷீட். டேப் ரெண்டு வைங்க, ஒண்ணு இன்வாய்ஸ், ஒண்ணு பேமென்ட். ரெண்டையும் ஒரே வரில போட்டு அமுக்குனா பாதி பேமென்ட் வரும்போதே குழப்பம் ஆரம்பிச்சிடும், ஏன்னா ஒரு க்ளையன்ட் ரெண்டு இன்வாய்ஸுக்கும் சேத்து ஒரே தொகையா போடுவாரு, இன்னொருத்தரு ஒரு இன்வாய்ஸ ரெண்டு தவணையா போடுவாரு. பேமென்ட் டேப்ல ஒவ்வொரு வரவும் ஒரு வரி: தேதி, யாரு, டாலர், ரூபா, ட்ரான்ஸாக்ஷன் ஐடி, எந்த இன்வாய்ஸ் நம்பருக்கு. இன்வாய்ஸ் டேப்ல நம்பர், அனுப்புன தேதி, டியூ தேதி, தொகை, அந்த நம்பருக்கு இது வரைக்கும் வந்ததோட கூட்டல், பாக்கி. கூட்டல் தானா வர்ற மாதிரி ஒரு ஃபார்முலா போட்டா போதும். பாக்கி சீரோ ஆனா வரி பச்சை, டியூ தாண்டுனா சிவப்பு. அவ்ளோதான், இதுக்கு மேல ஒண்ணும் வேண்டியதில்ல.

சேலத்து_மாம்பழம்:
இதையெல்லாம் ஜோஹோ இன்வாய்ஸே பண்ணுமே ப்ரோ, அதுவும் ஃப்ரீ, 2021லேர்ந்து காசே வாங்கறது இல்ல. ரிமைண்டர் தானா போகும், எந்த கரன்சிலயும் போடலாம். நம்ம ஊர் கம்பெனி வேற. எதுக்கு ஷீட்ட கட்டிட்டு அழணும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
நானும் இன்வாய்ஸ் அதுலதான் அனுப்பறேன். ஆனா வந்த பேமென்ட்ட பேங்க் சார்ஜோட சேத்து நீங்கதான உள்ள ஏத்தணும், அது தானா நடக்காது. ஷீட்ல கையால பண்ணிப் பழகுனவனுக்குத்தான் அந்த பாக்ஸ்ல என்ன போடணும்னே தெரியும். நாலு க்ளையன்ட் வரைக்கும் ஷீட் போதும்ங்கறது என் கருத்து, சண்டைக்கு வரல.

கணக்குப்புள்ள_மதுர:
மதுரைல ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், இந்த மாதிரி ஃப்ரீலான்ஸ் ஆளுக நிறைய வர்றாக. வரிசையா எழுதுறேன், பெருசா போனா மன்னிச்சிருங்க.

டபிள்யூ-8பென் விஷயம் சரி. நீங்க இந்தியால உக்காந்து வேலை பாக்குறீங்க, அமெரிக்கால வச்சுப் பாக்கல, அதனால அங்க வரி பிடிக்க வேண்டிய வருமானம் இல்ல, அதைச் சொல்றதுக்குத்தான் அந்த ஃபார்ம். உங்க பேரு, அட்ரஸ், ஃபாரின் டாக்ஸ் நம்பர்ங்கற இடத்துல பான் நம்பர். கையெழுத்து போட்ட வருஷம் போக அடுத்த மூணு காலண்டர் வருஷம் முடியுற வரைக்கும் செல்லும். அதை க்ளையன்ட்டே வச்சுக்கிருவாரு, அமெரிக்கா வரி ஆபீஸுக்கு நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம்.

ஆஸ்திரேலியா க்ளையன்ட் ஏபிஎன், அதாவது அந்த ஊர்த் தொழில் பதிவு நம்பர் கேட்டா திகைக்காதீக. அந்த நம்பர் இல்லாத சப்ளையருக்குப் பணம் குடுத்தா 47 சதவீதம் பிடிக்கணும்னு அங்க ரூல் இருக்கு, அதனால அவுகளுக்குப் பயம். நான் ஆஸ்திரேலியால தொழில் நடத்தல, அதனால ஏபிஎன் எனக்குப் பொருந்தாதுன்னு சொல்ற ஸ்டேட்மெண்ட் பை எ சப்ளையர்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதை நிரப்பிக் குடுத்தா முடிஞ்சது.

அடுத்து பர்ப்பஸ் கோடு. வெளிநாட்டுப் பணம் எது உள்ள வந்தாலும் எதுக்காக வந்துச்சுன்னு பேங்க்குக்கு ஒரு கோடு வேணும். நிறைய பேரு கண்ண மூடிக்கிட்டு பி0802னு போடுறாக, அது சாஃப்ட்வேர் கன்சல்டன்சி. மெயில் பாக்குறதும் காலண்டர் பாக்குறதும் எப்படி சாஃப்ட்வேர் ஆகும்? பிசினஸ், மேனேஜ்மென்ட் கன்சல்டன்சிக்கு பி1006 இருக்கு, அட்மின் வேலை பாக்குறவுக அதத்தான் பெரும்பாலும் போடுறாக. எதைப் போட்டாலும் இன்வாய்ஸ்ல எழுதியிருக்கற வேலையும் கோடும் ஒத்துப் போகணும், மாசத்துக்கு ஒண்ணா மாத்தக் கூடாது.

ஒவ்வொரு வரவுக்கும் ஃபிரா வாங்கி வைங்க, அதாவது வெளிநாட்டுல இருந்து பணம் வந்துச்சுங்கற பேங்க் சான்று. பேபால் மாசா மாசம் டிஜிட்டலா குடுக்குது, டவுன்லோடு பண்ணிக்கலாம். நேரடி வயர்னா உங்க பேங்க்குல கேக்கணும். ட்ரைவ்ல மாசத்துக்கு ஒரு ஃபோல்டர், அதுல இன்வாய்ஸ் பிடிஎஃப், ஃபிரா ரெண்டும் ஒரே நம்பர்ல பேர் வச்சுப் போட்டிங்கன்னா ரிட்டர்ன் போடும்போது எங்கள மாதிரி ஆளுக உங்கள வாழ்த்துவோம்.

வடபழனி_வாசி:
பேபால் வாங்குற கமிஷன பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க. ஃபீஸே நாலு பர்சன்ட்டுக்கு மேல, அது போக ரேட்ல வேற கைய வைக்குது. 300 டாலர் அனுப்புனா வந்து விழறத பாத்தா அழுகையா வருது பா.

ராத்திரி_ஷிஃப்ட்:
உண்மைதான். அதுவும் நம்ம ஊர்ல பேபால்ல பேலன்ஸ் வச்சிருந்து ரேட் ஏறும்போது எடுக்கலாம்னா விட மாட்டான், தினமும் ஆட்டோமேட்டிக்கா பேங்க்குக்கு தள்ளிடுவான். வைஸ், பேயோனியர் மாதிரி பணம் அனுப்பற சர்வீஸ்ல டாலர் அக்கவுண்ட் டீட்டெய்ல்ஸ் குடுப்பாங்க, அமெரிக்கா க்ளையன்ட் உள்ளூர்ல அனுப்பற மாதிரி ஏசிஎச் பண்ணிடலாம், நடுவுல கை வைக்கற பேங்க் இல்ல. க்ளையன்ட்டுக்கும் வயர் ஃபீஸ் மிச்சம், அத சொன்னாலே பாதி பேரு மாறிடுவாங்க.

இன்னொண்ணு, உள்ளூர் க்ளையன்ட்டுக்கு பேபால் கேக்காதீங்க, 2021 ஏப்ரல்லேர்ந்து இந்தியாக்குள்ள இருந்து இந்தியாக்குள்ள பேபால் பேமென்ட் கிடையாது. யூபிஐ, நெஃப்ட் தான்.

யாழ்_கீபோர்ட்:
உங்கட ஆக்கள் பேபால் கொமிஷன் எண்டு கவலைப்படுறியள், எங்களுக்கு அதுவும் இல்லை. இஞ்ச இலங்கையில இருந்து பேபால்ல காசு அனுப்பலாம், வேலை செய்த காசை எடுக்கேலாது. புதுசா வாற க்ளையன்ட் எல்லாரும் முதல் கேக்கிறது உங்கட பேபால் மெயில் என்ன எண்டுதான், ஒவ்வொருத்தருக்கும் இருந்து விளங்கப்படுத்த வேணும். அதால நான் முதல் கோல்லயே சொல்லிப்போடுவன், பேயோனியர் இல்லாட்டி நேர பாங்க், ரெண்டில ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ எண்டு. வேலை தொடங்கினாப் பிறகு கதைச்சா இழுபடும்.

வரிப்பக்கம் எண்டால் வெளிநாட்டுக்கு செய்யிற சேவை வருமானத்துக்கு முந்தி விலக்கு இருந்தது, 2025 ஏப்ரல் 1 இல இருந்து அதுக்கும் வரி, ஆகக்கூடினது 15 வீதம். வருசத்துக்கு 18 லட்சம் ரூபா வரைக்கும் தனிநபர் கழிவு இருக்கு, அதுக்கு மேலதான் கணக்கு. காசு பாங்க்குக்குள்ளால வந்திருக்க வேணும், அந்தத் துண்டெல்லாம் வச்சிருங்கோ. முந்தி இன்வொய்ஸ் ஒழுங்கா வைக்காட்டியும் ஒருத்தரும் கேக்கேல்லை, இப்ப அப்பிடி இல்லை.

ஈரோட்டு_மஞ்சள்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. சென்னை கம்பெனி பத்து பர்சன்ட் புடிச்சதுக்கு என்ன பண்றதுங்க? 20,000க்கு இன்வாய்ஸ், 18,000 தான் வந்துச்சு. மீதி 2,000 பாக்கின்னு ரிமைண்டர் அனுப்பலாம்னு இருந்தனுங்க.

கணக்குப்புள்ள_மதுர:
அனுப்பிராதீக, அது டிடிஎஸ், பணம் குடுக்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கற வருமான வரி. பழைய 1961 வருமான வரிச் சட்டத்து 194ஜே பிரிவு படி பிடிச்சிருக்காக. உங்க பான்ல கட்டியிருப்பாக, உங்க பணம்தான், ரிட்டர்ன் போடும்போது வரில கழிச்சுக்கலாம், கூடுதலா இருந்தா ரீஃபண்ட். ஒரே ஆளுக்கு வருஷத்துக்கு 50,000 தாண்டுனாத்தான் பிடிக்கணும், 2025 ஏப்ரலுக்கு முன்னால 30,000 ஆ இருந்துச்சு. மாசம் 20,000னா எப்படியும் தாண்டும்னு முதல் மாசத்துலயே பிடிச்சிருப்பாக. உங்க ஷீட்ல உள்ளூர் க்ளையன்ட்டுக்குன்னு டிடிஎஸ்னு ஒரு காலம் சேருங்க, 18,000 வரவு, 2,000 டிடிஎஸ், இன்வாய்ஸ் முழுசா க்ளோஸ்.

ஆனா பிடிச்சத கட்டுனாகளான்னு பாக்கணும். 26ஏஎஸ்னு சொல்ற, உங்க பான்ல கட்டுன வரியக் காட்டுற ஸ்டேட்மென்ட்ல வரும், உடனே வராது. ஏப்ரல் மே ஜூன்ல பிடிச்சதுக்கு ஜூலை 31க்குள்ள அவுக ரிட்டர்ன் போடணும், அதுக்கப்புறந்தான் தெரியும். ஆகஸ்ட் நடுவுல ஒரு தடவ போய்ப் பாருங்க, இல்லேன்னா அவுக அக்கவுண்ட்ஸ்ல டிடிஎஸ் பிடிச்சதுக்கான சான்று, ஃபார்ம் 16ஏ கேளுங்க. பான் நம்பர்ல ஒரு எழுத்து மாத்தி அடிச்சு வேற எவனோ ஒருத்தன் கணக்குல போய் உக்காந்திருந்த கேஸெல்லாம் எங்க ஆபீஸ்லயே பாத்திருக்கேன்.

நெல்லை_அல்வா:
இன்வாய்ஸ் எப்படி அனுப்பறதுன்னு எல்லாரும் சொல்லுதீய, மணி கணக்கு எப்படி போடுததுன்னு யாரும் சொல்லல. நான் மணிக்கு 15 டாலர். மூணு மணி 20 நிமிஷம் வேலைன்னு வைங்க, பாதி பேரு ஷீட்ல 3.20ன்னு அடிச்சு 15ஆல பெருக்கி 48 டாலர் போடுதாவ. 20 நிமிஷம்னா மணில மூணுல ஒரு பங்குல்லா, 3.33, அப்ப 50 டாலர். ஒரு நாளைக்கு ரெண்டு டாலர் சும்மா போவுது, மாசம் பூரா கூட்டிப் பாருங்க. ஷீட்ல ஆரம்பிச்ச நேரம் முடிச்ச நேரம் ரெண்டையும் போட்டு கழிச்சா வர்றது நாளோட பின்னம், அத 24ஆல பெருக்குனாத்தான் மணி. ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடிச்சா மைனஸ்ல காட்டும், நேரத்தோட தேதியையும் சேத்து அடிச்சிருங்க.

குறைஞ்சபட்சம் எத்தனை நிமிஷத்துக்கு பில்லுங்கறதையும் முன்னாடியே பேசிருங்க. நான் 15 நிமிஷம். வாட்ஸப்ல ஒரே ஒரு சின்ன வேலைம்பாவ, கம்ப்யூட்டர தொறந்து லாகின் பண்ணி முடிக்க பத்து நிமிஷம் ஆயிரும். சில பேரு ஆறு நிமிஷம் வச்சிருக்காவ, மணிய பத்தா பிரிச்சது, கணக்கு போட லேசா இருக்கும்.

பிங்க்_டைரி:
மணி கணக்கே வேண்டாம்ங்கறது என் கட்சி. டைம் டிராக்கர் போட்டு நிமிஷம் எண்ணிட்டு இருந்தா வேகமா வேலை பாக்குறவளுக்குத்தான் நஷ்டம். முதல் வருஷம் ரெண்டு மணி ஆன நியூஸ்லெட்டர் இப்ப நாப்பது நிமிஷத்துல முடியுது, அதுக்கு நான் கம்மியா வாங்கணுமா? என்னோட க்ளையன்ட் எல்லாரும் ரீடெய்னர் தான், மாசம் இத்தனை மணி வரைக்கும் இத்தனை டாலர், ஒண்ணாம் தேதி காசு வந்தா ஒண்ணாம் தேதி வேலை ஆரம்பம், வரலேன்னா இன்பாக்ஸ தொறக்கறதே இல்ல. ஃபாலோ அப்னு ஒரு வேலையே எனக்குக் கிடையாது.

நெல்லை_அல்வா:
பழைய க்ளையன்ட் குடுப்பாவ அக்கா. முகமே பாக்காத புது ஆளு அட்வான்ஸா மாசக் காச எப்படி குடுப்பாரு?

பிங்க்_டைரி:
மாசம் முழுசும் வேண்டாம்பா, பத்து மணி நேர பேக்னு சின்னதா வித்துப் பாரு. அது தீர்றப்ப அடுத்தது. ரெண்டு மணி மிச்சம் இருக்கும்போதே ஒரு மெயில், பேக் முடியப் போகுது, அடுத்த இன்வாய்ஸ் இதோட இருக்குன்னு. அவருக்கும் பெருசா ரிஸ்க் இல்ல, உனக்கும் இல்ல. தீராத மணி அடுத்த மாசம் வருமா காலாவதி ஆகுமான்னு மட்டும் முதல்லயே எழுதி வச்சிடு. எழுதலேன்னா ஆறு மாசம் கழிச்சு பழைய மணியெல்லாம் சேத்து வச்சுக்கிட்டு டிசம்பர் லீவுல வந்து நிப்பாங்க, அந்தக் கூத்த நான் பாத்திருக்கேன்.

ஆனா நீ சொன்ன ஒரு விஷயத்த ஒத்துக்கறேன், ரீடெய்னர்லயும் நான் மணிய எழுதி வைக்கறேன். க்ளையன்ட்டுக்குக் காட்ட இல்ல, ஜனவரில ரேட் ஏத்தறப்ப எனக்கு வேணும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
அப்வொர்க்னு ஃப்ரீலான்ஸ் வேலை புடிக்கற சைட்ல இருக்கறவங்களுக்கு ஒரு தகவல். அங்க வாரம் திங்கள்லேர்ந்து ஞாயிறு, ஆனா யூடிசி டைம். நமக்கு திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்குத்தான் புது வாரம் பொறக்குது. ஞாயிறு ராத்திரி ஆரம்பிச்சு திங்க விடியக்கால நாலு மணி வரைக்கும் பாத்த வேலை போன வாரத்து பில்லுல போயிடும். க்ளையன்ட் வாரத்துக்கு இத்தன மணின்னு லிமிட் வச்சிருந்தா இதுதான் இடிக்கும். வாரம் முடிஞ்சு காசு எடுக்கற நிலைக்கு வர ஒரு பத்து நாள் ஆகும், ஷீட்ல டியூ தேதிய அப்படி போட்டுக்கங்க. கையால ஏத்துன மணிக்கு அவங்க பேமென்ட் ப்ரொடெக்ஷன் கிடையாது, டிராக்கர் ஓடி ஸ்க்ரீன்ஷாட் விழுந்த மணிக்குத்தான். அங்க புடிச்ச க்ளையன்ட்ட கமிஷன் மிச்சம்னு நேரா பேபாலுக்கு இழுக்காதீங்க, ரெண்டு வருஷத்துக்கு அது விதி மீறல், அக்கவுண்ட்டே போயிடும்.

சேலத்து_மாம்பழம்:
வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாதுன்னு ஒரு வீடியோல பாத்தேன், சரியா சார்?

கணக்குப்புள்ள_மதுர:
பாதி சரி தம்பி. சர்வீஸ் ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம், ஆனா சட்டத்துக்குள்ளதான் இருக்கு. நம்ம ஊர்ல சர்வீஸ் வருமானம் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாட்டி ரெஜிஸ்ட்ரேஷனே வேணாம். இந்த 20 லட்சத்துல வெளிநாட்டு வருமானமும் சேரும், அதைத்தான் வீடியோக்காரங்க சொல்ல மறந்துர்றாங்க. தாண்டுனா நம்பர் எடுக்கணும், எடுத்ததும் எல்யூடி போடணும், அதாவது வரி கட்டாம ஏற்றுமதி பண்றேன்னு குடுக்கற உறுதிமொழி, ஆர்எஃப்டி-11ங்கற ஃபார்ம், ஆன்லைன்ல பத்து நிமிஷ வேலை. அது நிதியாண்டுக்கு ஒண்ணு, மார்ச் 31ஓட செத்துரும், ஏப்ரல்ல புதுசு. எல்யூடி இல்லேன்னா 18 சதவீதம் ஐஜிஎஸ்டி கட்டிட்டு ரீஃபண்டுக்கு அலையணும்.

ரெஜிஸ்டர் பண்ணவுக இன்வாய்ஸ்ல எல்யூடில வரி கட்டாம ஏற்றுமதின்னு வாசகம் இருக்கணும், நம்பர் 16 எழுத்துக்குள்ள, வரிசை விடாம. ரெஜிஸ்டர் பண்ணாதவுக இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டின்னு ஒரு வரியே இருக்கப்பிடாது, உள்ளூர் க்ளையன்ட்கிட்ட வசூலிக்கவும் கூடாது. அப்புறம் எல்யூடில அனுப்புன இன்வாய்ஸுக்கு சட்டம் சொல்ற கெடுவுக்குள்ள பணம் வரலேன்னா வட்டியோட வரி கேப்பாக. அதனால வராத இன்வாய்ஸ ஷீட்ல சிவப்பாவே விட்டு மறந்துராதீக.

பிங்க்_டைரி:
சார் இன்னொரு டவுட். எல்லாரும் வருமான வரில 44ஏடிஏ பிரிவு போடு, பாதி வருமானத்துக்கு வரி கட்டுனா போதும்ங்கறாங்களே, விஏக்கு அது வருமா?

கணக்குப்புள்ள_மதுர:
இதுல எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி. 44ஏடிஏ டாக்டர், வக்கீல், இன்ஜினியர், டெக்னிக்கல் கன்சல்டன்சி, அக்கவுண்டன்சி இந்த மாதிரி லிஸ்ட்ல இருக்கற தொழிலுக்கு. மெயிலும் காலண்டரும் பாக்குறவுக அந்த லிஸ்ட்ல எங்க இருக்காக? அவுகளுக்கு 44ஏடி, பிசினஸ் மாதிரி, பேங்க் வழியா வந்த வரவுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டலாம்ங்கறது ஒரு கட்சி. வெப்சைட், ஆட்டோமேஷன், புக்கீப்பிங்னு பண்றவுக 44ஏடிஏ பக்கம் போகணும்ங்கறது இன்னொண்ணு. நான் பாக்குற வரைக்கும் நீங்க இன்வாய்ஸ்ல வேலைய எப்படி எழுதியிருக்கீகளோ அதான் முடிவு பண்ணும். கன்சல்டிங்னு ஒத்த வார்த்தை போட்டு அனுப்பிட்டு ரிட்டர்ன்ல பிசினஸ்னு காட்டுனா இடிக்கும். நான் சொல்றது 1961 சட்டத்து நம்பர், 2026 ஏப்ரல் 1லேர்ந்து புது வருமான வரிச் சட்டம், அதுல செக்ஷன் நம்பரெல்லாம் வேற. ரெண்டுல எது போட்டாலும் அட்வான்ஸ் டாக்ஸ் மார்ச் 15க்குள்ள ஒரே தவணையா கட்டிரலாம்.

வடபழனி_வாசி:
காசு தராம இழுத்தடிக்கறவன என்ன பண்றது, அத சொல்லுங்க முதல்ல. எனக்கு லோக்கல் க்ளையன்ட் ஒருத்தன் மூணு மாசமா அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன்னே சொல்லிட்டிருக்கான்.

பிங்க்_டைரி:
நீ மெயில் எப்படி போடறேன்னு பாப்போம் முதல்ல. நம்மாளுங்க போடற ரிமைண்டர பாத்திருக்கேன், தொந்தரவுக்கு மன்னிக்கணும், நேரம் கிடைக்கும்போது பாக்க முடியுமான்னு ஒரு பாரா, அதுல இன்வாய்ஸ் நம்பரும் இருக்காது தொகையும் இருக்காது. படிக்கறவன் நேரம் கிடைக்கும்போது பாத்துக்கலாம்னு மூடி வச்சிடுவான். பழைய இன்வாய்ஸ் மெயில் இருக்குல்ல, அதுக்கே ரிப்ளை. நம்பர், தொகை, டியூ எந்த தேதி, பே பண்ற லிங்க், எந்த தேதிக்குள்ள வரும்னு சொல்லுங்கன்னு ஒரு கேள்வி. பிடிஎஃப் மறுபடி சேத்துடு, எங்க இருக்குன்னு தேடறேன்னு சாக்கு சொல்ல விடக்கூடாது. டியூவுக்கு மூணு நாள் முன்னாடி ஒண்ணு, டியூ அன்னிக்கு ஒண்ணு, ஒரு வாரம் தாண்டுனா வேலை நிறுத்தம்னு ஒண்ணு. அந்த மூணாவது மெயில அனுப்பறதுக்கு காண்ட்ராக்ட்ல ஏற்கனவே அந்த வரி இருக்கணும். பெரிய கம்பெனின்னா உன்கிட்ட வேலை வாங்கற ஆளுக்கும் காசு குடுக்கற ஆளுக்கும் சம்பந்தமே இருக்காது, அக்கவுண்ட்ஸ் மெயில் ஐடிய முதல் நாளே வாங்கி சிசில போடு.

கணக்குப்புள்ள_மதுர:
லோக்கல்னா உத்யம், அதாவது சின்னத் தொழில்னு அரசாங்கத்துல பதியுற ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்தீகளா? ஆதார், பான் வச்சு ஃப்ரீயா பண்ணலாம், ஏஜென்ட்டுக்குக் காசு குடுக்காதீக. மைக்ரோ, ஸ்மால் சப்ளையருக்கு ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், எழுத்துல ஒண்ணும் இல்லேன்னா 15 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006 சட்டம். தாண்டுனா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டியா. சின்னத் தொழிலுக்குன்னு இருக்கற அரசு போர்ட்டல்ல புகார் போடலாம்.

அதவிட அவுக பயப்படுறது வருமான வரில 43பி ஹெச்ங்கற பிரிவுக்கு. 2024-25 அசெஸ்மென்ட்லேர்ந்து இந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்காட்டி அந்தச் செலவ அந்த வருஷம் கழிக்க முடியாது, எப்ப குடுக்கறாகளோ அந்த வருஷந்தான். மார்ச் மாசம் அவுக ஆடிட்டரே போன் போட்டுத் திட்டுவாரு. உத்யம் நம்பர இன்வாய்ஸ் தலைல அச்சடிச்சிருங்க, சண்டை போடாமலே பாதி பேரு குடுத்துருவாக. வேலை பாத்தப்பவே உத்யம் இருந்திருக்கணும், பணம் நின்னப்புறம் எடுத்துட்டு பழைய பில்லுக்குக் கேட்டா எடுபடுறது சிரமம்.

வடபழனி_வாசி:
அப்ப இந்த மூணு மாசம் ஊத்திக்கிச்சு. சரி, அடுத்த பில்லுக்காவது ஆகட்டும், இன்னிக்கே எடுக்கறேன்.

யாழ்_கீபோர்ட்:
ஒரு சின்ன விசயம் சேர்க்கிறன். டியூ தேதியை 05/06 எண்டு போடாதேங்கோ. அமெரிக்காக்காரருக்கு அது மே 6, அவுஸ்திரேலியாக்காரருக்கு யூன் 5. மாசத்தின்ட பேரை எழுத்தில எழுதுங்கோ. 15 நாள், 30 நாள் கெடு எண்டதுக்கு நெட் 15, நெட் 30 எண்டு மட்டும் போட்டாலும் எந்த நாளில இருந்து எண்ணுறது எண்டு வாதாடுவினம், தேதியையும் சேர்த்துப் போடுங்கோ.

ஈரோட்டு_மஞ்சள்:
ரெண்டு டேப் ஷீட் போட்டாச்சுங்க, நெல்லைக்காரங்க சொன்ன 24 பெருக்கலும் போட்டுட்டேன். கடைசியா ஒண்ணு. ஒரு க்ளையன்ட்டுக்கு கேன்வா, ஷெட்யூலிங் டூல் ரெண்டும் என் கார்டுலதான் கட்டறேன், மாசக் கடைசில இன்வாய்ஸ்ல சேத்து வாங்கிக்கறேன். இத வேலைக் காசோட சேத்தே போடலாங்களா?

பிங்க்_டைரி:
தனி வரியா போடு, ரசீத இன்வாய்ஸோட சேத்து அனுப்பு. சேத்துப் போட்டா அதுவும் உன் ஃபீஸ் மாதிரி தெரியும், ரேட் ஜாஸ்தின்னு ஒரு நாள் பேச்சு வரும். கார்டுல டாலர்ல கட்டுனா பேங்க் ஃபாரின் மார்க்கப் வேற போடும், அது ரசீதுல இருக்காது, ஸ்டேட்மென்ட்ல தான் இருக்கும், அந்த ரூபா யாரு குடுப்பா?

கணக்குப்புள்ள_மதுர:
பேங்க்ல வரும்போது எல்லாம் ஒரே தொகையா உங்க வரவாத்தான் தெரியும்மா. 6 சதவீதம், 50 சதவீதம்னு வரவுல இருந்து கணக்கு போடுற முறைல கேன்வா காசுக்கும் சேத்து வரி கட்டுவீக. அவரு கார்டையே அந்த அக்கவுண்ட்ல ஏத்தச் சொல்லிட்டு உங்களுக்கு யூசர் ஆக்சஸ் மட்டும் வாங்கிக்கங்க.

ஈரோட்டு_மஞ்சள்:
அப்ப இன்னிக்கு ராத்திரி கால்லயே கேட்டுடறனுங்க. கார்டு மாத்தற வரைக்கும் தனி வரியா போட்டுக்கறேன்.